வியன்னா டிராம் நடத்துநரின் எலும்புகள்: பாராதைராய்டும் வைட்டமின் டி-யும்

1925-இல் வியன்னாவில் ஓர் அறுவை மருத்துவர் தன் நோயாளியின் எலும்பு நோய்க்கும் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிக்கும் தொடர்பு உண்டு என்று சரியாகவே ஊகித்தார். ஆனால் செய்ய வேண்டியதைத் தலைகீழாகச் செய்தார். சுரப்பு போதவில்லை என்று நினைத்து, வேறொருவரின் சுரப்பிகளையும் உடம்புக்குள் வைத்துத் தைத்தார். மருத்துவ வரலாற்றில் வேடிக்கையாகச் சொல்லப்படும் கதை இது. எனக்கென்னவோ அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று பார்த்தால், வைட்டமின் டி குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் ஏன் ஏறுகிறது என்ற பாடம் முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது. இன்று நம் ஊர் ஆய்வுக்கூட ரிப்போர்ட்டுகளைப் படிப்பதில் நடக்கும் தவறும் அதற்குள்ளேதான் இருக்கிறது.

நோயாளி

பெயர் ஆல்பர்ட். வயது முப்பதுகளில். டிராம் வண்டியில் நடத்துநர் வேலை. 1921 வாக்கில் கால்களிலும் இடுப்பிலும் வலி தொடங்கியது. 1924-இல் விழுந்ததில் தொடை எலும்பு முறிந்தது. அதன் பிறகு வேலைக்குப் போக முடியவில்லை. எக்ஸ்ரேயில் எலும்புகள் சுண்ணாம்பு கரைந்து வெளிறிப்போயிருந்தன. அங்கங்கே நீர்க்கட்டிகள் போன்ற குழிகள். சிறுநீரில் கால்சியம் அளவுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

கடைசியாகச் சொன்ன ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்குத் திரும்ப வருவோம்.

சிகிச்சை அளித்தவர் ஃபெலிக்ஸ் மாண்டல். முதலில் பாராதைராய்டு சாறு கொடுத்துப் பார்த்தார். பலன் இல்லை. அப்புறம் விபத்தில் சிக்கி உயிர்விட்ட ஒருவரின் பாராதைராய்டு சுரப்பிகளை எடுத்து ஆல்பர்ட்டுக்குப் பொருத்தினார். அதிலும் ஒரு முன்னேற்றமும் இல்லை.

எர்தைம் சொன்னதும் அதில் இருந்த நியாயமும்

மாண்டல் கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்யவில்லை. அதே ஊரில் யாக்கோப் எர்தைம் என்ற நோய்க்கூறு ஆய்வாளர் இருந்தார். எலும்பு நோயோடு இறந்தவர்களின் கழுத்தைத் திறந்து, மற்றவர்கள் தேடிப் பார்க்காத பாராதைராய்டு சுரப்பிகளைப் பொறுமையாகத் தேடி எடுத்துப் பார்த்தவர். மனிதனுக்கு நான்கு பாராதைராய்டுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் அரிசி மணி அளவு, எடை 30 முதல் 50 மில்லிகிராம். ஸ்வீடனில் ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம் என்ற மருத்துவ மாணவர் 1880-இல்தான் இவற்றை மனித உடலில் விவரமாக எழுதினார். அதற்கும் முன்னால், 1850-இல், லண்டன் மிருகக்காட்சிசாலையில் இறந்த காண்டாமிருகம் ஒன்றை அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன் இந்தச் சுரப்பியைக் குறித்து வைத்திருந்தார். அது இந்தியக் காண்டாமிருகம் என்பதில் நமக்கு ஓர் அற்பப் பெருமை.

1906-இல் எர்தைம் எலிகளின் பாராதைராய்டுகளைச் சூடுவைத்து அழித்தார். எலிகளுக்கு இழுப்பு வந்தது. பற்களில் சுண்ணாம்பு படியவில்லை. அடுத்து, எலும்பு மென்மை நோயால் இறந்தவர்களின் உடல்களில் பாராதைராய்டுகள் வீங்கியிருப்பதைக் கண்டார். 1914-இல் ரிக்கெட்ஸ் (வளரும் வயதில் வரும் எலும்பு மென்மை) வந்த எலிகளிலும் அதையே கண்டார். அவருடைய முடிவு: எலும்பு முதலில் கெடுகிறது, அதைச் சமாளிக்கத்தான் சுரப்பி பெருக்கிறது. வீக்கம் நோய் அல்ல, நோய்க்கு உடம்பு காட்டும் எதிர்வினை.

எலும்பு மென்மை நோயையும் ரிக்கெட்ஸையும் பொறுத்தவரை எர்தைம் சொன்னது முழுக்கச் சரி. வைட்டமின் டி என்று ஒரு பொருள் இருப்பதே தெரியாத காலத்தில், அதன் குறைபாடு பாராதைராய்டை என்ன செய்கிறது என்று ஒரு மனிதர் பிணவறையிலிருந்தே கண்டுபிடித்துவிட்டார். சிக்கல் எங்கே வந்தது என்றால், எலும்பு வெளிறிய எல்லா நோயாளிக்கும் இதே விதிதான் என்று ஊர் நம்பியது. எதிர்வினைதான் என்றால் அதற்குக் கை கொடுப்பதுதானே முறை? மாண்டல் கொடுத்தார். எல்லாரும் தலையாட்டிவிடவும் இல்லை. அதே வியன்னாவில் 1915-இலேயே ஷ்லாகன்ஹாஃபர் என்பவர், ஒரே ஒரு சுரப்பி மட்டும் பெருத்திருந்தால் அதுதான் காரணமாக இருக்கும், வெட்டி எடுங்கள் என்று சொல்லியிருந்தார். அந்த யோசனை பத்து வருஷம் செயலுக்கு வராமல் கிடந்தது.

நகையை அடகு வைக்கும் சுரப்பி

வைட்டமின் டி குறைந்தால் உள்ளே என்ன நடக்கிறது? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ரத்தத்தில் கால்சியம் ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரைக்குள்தான் இருக்க வேண்டும். இதயத் துடிப்பு, தசை, நரம்பு எல்லாம் இந்தக் குறுகிய எல்லையை நம்பி ஓடுகின்றன. பாராதைராய்டு செல்களின் மேல் கால்சியத்தை உணரும் ஏற்பி ஒன்று இருக்கிறது; 1993-இல்தான் அதன் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. ரத்தக் கால்சியம் துளி இறங்கினாலும் சில நொடிகளில் ஹார்மோன் வெளியேறும். அந்த ஹார்மோனின் அரை ஆயுள் சில நிமிடங்களே. அதாவது இந்தக் காவல்காரர் தூங்குவதே இல்லை.

உணவிலிருந்து கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வேண்டுமென்றால் வைட்டமின் டி வேண்டும். போதிய அளவு இருந்தால் உண்ட கால்சியத்தில் 30 முதல் 40 சதவீதம் உள்ளே போகும். வைட்டமின் டி வறண்டுவிட்டால் 10 முதல் 15 சதவீதம்தான். ஒரு வீட்டில் சம்பளம் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு எரிந்தாக வேண்டும். வீட்டு அம்மா என்ன செய்வார்? மூன்று வேலை செய்வார். வீண்செலவை நிறுத்துவார், இருக்கிற காசை இன்னும் கெட்டியாகப் பிடிப்பார், கடைசியில் பீரோவைத் திறந்து நகையை எடுத்து அடகுக்கடைக்குப் போவார். பாராதைராய்டு ஹார்மோனும் அதைத்தான் செய்கிறது. சிறுநீரில் கால்சியம் போகாமல் அடைக்கிறது. கையிருப்பில் இருக்கும் கொஞ்ச வைட்டமின் டி-யைச் சிறுநீரகத்தில் முழுவீரியமுள்ள வடிவமாக மாற்றச் சொல்லி விரட்டுகிறது. எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை ரத்தத்துக்கு அனுப்புகிறது. வெளியிலிருந்து பார்த்தால் குடும்பம் நன்றாக நடப்பதாகவே தெரியும், ரத்தக் கால்சியம் பெரும்பாலும் நார்மலாகவே இருப்பது போல. பீரோ காலியாவது பக்கத்து வீட்டுக்குத் தெரியாது.

இதில் ஒரு விலை இருக்கிறது, பல விளக்கங்களில் விட்டுப்போவது இதுதான். கால்சியத்தைக் காப்பாற்றும் அதே ஹார்மோன் பாஸ்பேட்டைச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. புதிதாக உருவாகும் மென்மையான எலும்பு இறுகிக் கெட்டிப்பட இரண்டுமே வேண்டும். பாஸ்பேட் இறங்கினால், அந்த எலும்பு இறுகாமல் பச்சையாகவே நிற்கிறது. ஈரச் சிமெண்ட்டின் மேல் மாடி கட்டுவது போல. எலும்பு மென்மை நோய் என்பது வெறும் கால்சியக் குறைவு அல்ல. குறைவைச் சமாளிக்கப் போன ஹார்மோன் மாதக்கணக்கில் பாஸ்பேட்டைக் கரைத்ததும் அதில் பெரும்பங்கு. இறுகாத எலும்பை இறுக வைக்க எலும்புச் செல்கள் மாய்ந்து மாய்ந்து உழைப்பதால் ரத்தத்தில் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி ஏறுகிறது. நோயாளிக்குத் தெரிவதோ வேறு: இடுப்பிலும் தொடையிலும் மந்தமான வலி, தரையிலிருந்து எழ கையூன்ற வேண்டிய நிலை, படியேறத் தயக்கம், வாத்து போல ஆடி ஆடி நடை. “வயசாச்சுல்ல” என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். தொடை எலும்பின் கழுத்திலோ இடுப்பெலும்பிலோ எக்ஸ்ரேயில் மெல்லிய கோடு போல ஒரு விரிசல் தெரிந்தால், லூசர் வலயம் என்பார்கள். அதைப் பார்த்த பிறகு நோயைப் பற்றிப் பெரிதாக விவாதிக்க வேண்டியதில்லை.

அதே ஊர், அதே வருஷங்கள்

முதல் உலகப்போருக்குப் பிந்தைய வியன்னா பசியில் கிடந்தது. 1919-இல் இங்கிலாந்திலிருந்து ஹாரியட் சிக் என்ற ஆய்வாளர் தன் குழுவோடு அங்கே போய், கிளெமென்ஸ் ஃபோன் பிர்கே நடத்திய குழந்தைகள் மருத்துவமனையில் 1922 வரை வேலை செய்தார். ரிக்கெட்ஸ் தொற்றுநோய் என்று பிர்கே நம்பினார். இருந்தாலும் ஆய்வுக்குக் கதவைத் திறந்துவிட்டார். அந்தப் பெருந்தன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். குளிர்காலத்தில் மீன் ஈரல் எண்ணெய் கொடுத்த குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் வரவில்லை. கொடுக்காதவர்களில் வந்தது. கோடையில் இரு கூட்டத்துக்குமே வரவில்லை. வெயிலில் படுக்கவைத்த குழந்தைகளின் எலும்பு எக்ஸ்ரேயில் தெரியும்படி ஆறியது. பெரியவர்களிடம் பரவியிருந்த பசி எலும்பு மென்மை நோயையும் இதே குழுவினர் 1921-இல் எழுதினார்கள். 1922-இல் அமெரிக்க ஆய்வாளர் மெக்கல்லம் அந்த எண்ணெயில் இருக்கும் பொருளுக்கு வைட்டமின் டி என்று பெயரிட்டார்.

ஆக, 1920-களின் வியன்னாவில் எலும்பு வலியோடு படுத்திருப்பவர் என்றால் பெரும்பாலும் வைட்டமின் டி இல்லாதவர். அவருடைய பாராதைராய்டு வீங்கியிருந்தால் அது எதிர்வினை. மாண்டல் ஆல்பர்ட்டையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்தது தப்பு என்று இன்று சொல்வது எளிது. அந்த ஊரில், அந்த வருஷத்தில், நானும் அப்படித்தான் சேர்த்திருப்பேன்.

ஆனால் ஒன்று ஒட்டவில்லை: சிறுநீரில் போன கால்சியம். வரும்படி குறைந்த வீட்டில் தண்ணீர்ச் சொம்பைக்கூடச் சிந்தாமல் எடுப்பார்கள். வைட்டமின் டி குறைபாட்டில் சிறுநீர்க் கால்சியம் மிகவும் குறைந்துவிடும். ஆல்பர்ட்டுக்கோ கொட்டிக்கொண்டிருந்தது. இது வறுமையால் நகையை விற்கிற வீடு அல்ல. சம்பளம் வந்தும் நகையை விற்று ஆற்றில் விடுகிற வீடு.

1925 ஜூலை 30. மற்ற வழிகள் தீர்ந்துபோன நிலையில், மாண்டல் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து ஆல்பர்ட்டின் கழுத்தைத் திறந்தார். இடப்பக்கக் கீழ்ச் சுரப்பியின் இடத்தில் ஒரு கட்டி, நீளம் 2.5 சென்டிமீட்டர், அரிசி மணி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முந்திரிப் பருப்பு. எடுத்தார். சில நாட்களில் சிறுநீர்க் கால்சியம் இறங்கியது. வலி விட்டது. சில மாதங்களில் ஆல்பர்ட் கம்பு ஊன்றி நடந்தார். எர்தைமின் விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது என்று வியன்னா மருத்துவர்கள் அன்று பார்த்தார்கள். சுரப்பியே நோயாக இருப்பதை முதன்மை வகை என்றும், வேறொன்றுக்கு எதிர்வினையாக இருப்பதை இரண்டாம் நிலை என்றும் நாம் பிரிப்பது இந்தப் பாதையில் வந்ததுதான்.

இன்றைய ரிப்போர்ட்

அன்று விளைவு என்று நினைத்தது காரணமாக இருந்தது. இன்று நடப்பது இதற்கு மறுபக்கம்: விளைவைக் காரணம் என்று படிக்கிறோம். 1963-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பெர்சனும் யாலோவும் பாராதைராய்டு ஹார்மோனை ரத்தத்தில் அளக்க வழி கண்ட பிறகு, அந்த எண் எல்லாருக்கும் எட்டியது. எண் எட்டியது, அர்த்தம் எட்டவில்லை.

ஒரு ரிப்போர்ட்டைக் கற்பனை செய்வோம். எண்கள் உதாரணத்துக்காக நானே போட்டவை. நாற்பத்தைந்து வயதுப் பெண். உடம்பெல்லாம் வலி. கால்சியம் 8.6, பாஸ்பேட் 2.3, அல்கலைன் பாஸ்படேஸ் 380, பாராதைராய்டு ஹார்மோன் 210. இதன் மேல் எல்லை பெரும்பாலான கூடங்களில் 65 பிகோகிராம். சிவப்பு எழுத்தில் 210-ஐப் பார்த்ததும் வீடு கலங்கிவிடும். கழுத்தில் கட்டியா, ஸ்கேன் எடுக்கலாமா, எந்த சர்ஜனிடம் போகலாம் என்று கிளம்பிவிடுவார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். சுரப்பி தன்னிச்சையாகச் சுரந்தால் கால்சியம் ஏறியிருக்கும். இங்கே நார்மலின் கீழ்ப்படியில் நிற்கிறது. பாஸ்பேட் குறைவு, அல்கலைன் பாஸ்படேஸ் அதிகம். இது கைக்கு வரும்படி இல்லாத வீடு. கேட்க வேண்டிய அடுத்த சோதனை 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. அது 7 நானோகிராம் என்று வந்தால் கதை முடிந்தது. 12-க்குக் கீழே என்றாலே கடுமையான குறைவுதான். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று கிரியாட்டினினையும் பார்த்துவிட வேண்டும். சிறுநீரகம் பழுதானாலும் ஹார்மோன் ஏறும், ஆனால் அங்கே பாஸ்பேட் இறங்காமல் ஏறும். ஸ்கேனைப் பொறுத்தவரை, செஸ்டமிபி ஸ்கேன் நோயைக் கண்டுபிடிக்க அல்ல. நோய் உறுதியான பிறகு எந்தச் சுரப்பி என்று இடம் காட்டத்தான். முதலிலேயே ஸ்கேன் எடுப்பது குழப்பத்தைக் காசு கொடுத்து வாங்குவது.

சோதனை எழுதும்போது ஒரு பொறி உண்டு. வைட்டமின் டி-யின் வீரியமுள்ள வடிவமான 1,25-ஐ அளக்கச் சொன்னால் பல சமயம் நார்மல் என்றே வரும், சில சமயம் கூடுதலாகக்கூட. பாராதைராய்டு ஹார்மோன்தான் சிறுநீரகத்தை விரட்டி அதைச் செய்ய வைக்கிறதே! கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது 25-ஹைட்ராக்ஸி மட்டும். இன்னொரு விஷயம்: வைட்டமின் டி குறைந்த எல்லாருக்கும் பாராதைராய்டு ஹார்மோன் ஏறிவிடுவதில்லை. கால்சியம் நிறையச் சாப்பிடுகிறவருக்கு ஏறாமலே இருக்கலாம். மக்னீசியம் குறைந்தவருக்குச் சுரப்பியே வேலை செய்யத் திணறும்.

வெயில் கொளுத்தும் ஊரில் இதெல்லாம் எப்படி என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதிலின் ஒரு பாதி எளிது: அலுவலகம், அடுக்குமாடி, கறுத்த தோல், உடலை மூடும் உடை. மறு பாதி சுவாரசியமானது. திருப்பதியில் ஹரிநாராயண் குழுவினர் வயலில் வேலை செய்கிறவர்களையும் சோதித்தார்கள். நகரத்தாரைவிட அவர்களுக்கு வைட்டமின் டி கூடுதல்தான், ஆனாலும் அந்த வெயிலுக்கு எதிர்பார்க்கும் அளவு இல்லை. சாப்பாட்டில் கால்சியம் குறைவாகவும், அதைக் கட்டிப்போடும், தானியங்களில் இருக்கும் பைட்டேட் கூடுதலாகவும் இருந்தன. 1987-இல் கிளெமென்ட்ஸும் சகாக்களும் எலிகளில் இதன் சூட்சுமத்தைக் காட்டியிருந்தார்கள்: உணவில் கால்சியம் குறைந்தால் பாராதைராய்டு ஏறும், அதனால் 1,25 ஏறும், அந்த 1,25 கிடங்கில் இருக்கும் வைட்டமின் டி-யை வேகமாகச் செலவழித்துவிடும். வைட்டமின் டி குறைந்தால் பாராதைராய்டு ஏறுகிறது என்று மட்டும் சொல்வது பாதிக் கதை. பாராதைராய்டு ஏறியதாலும் வைட்டமின் டி கரைகிறது. வெறும் சோறும் ரசமுமாகச் சாப்பிட்டுவிட்டு வெயிலை மட்டும் நம்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது. மோரும் கேழ்வரகும் தட்டில் இருப்பதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது.

சிகிச்சை சுருக்கமானது. வாரம் ஒரு முறை 60,000 யூனிட், ஏறத்தாழ எட்டு வாரம், கூடவே கால்சியம். பிறகு குறைந்த அளவில் தொடர்வது. வலி முதலில் குறையும், ஹார்மோன் சில வாரங்களில் இறங்கத் தொடங்கும், அல்கலைன் பாஸ்படேஸ் இறங்க மாதங்கள் ஆகும். ஆரம்பத்தில் இன்னும் ஏறக்கூடச் செய்யும், எலும்பு இறுகிக்கொண்டிருக்கிறது என்பதால். இதைப் பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்தக் கூடாது. ‘வாரம்’ என்று எழுதியதைத் ‘தினம்’ என்று படித்து 60,000-ஐ நாள்தோறும் விழுங்குவதும், ஆறு லட்சம் யூனிட் ஊசியை மாதாமாதம் போட்டுக்கொள்வதும் வேறு கதை. அங்கே கால்சியம் உச்சிக்குப் போகும், வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பழுது. பாராதைராய்டு ஹார்மோனோ தரையில் கிடக்கும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை.

எட்டு வாரம் கழித்துத் திரும்பச் சோதிப்பது சம்பிரதாயத்துக்காக அல்ல. ஒரே ஆளுக்கு இரண்டு நோயும் சேர்ந்து இருக்கலாம். பாராதைராய்டில் கட்டி, மேலே வைட்டமின் டி பஞ்சம். பஞ்சம் கால்சியத்தைக் கீழே இழுத்து, கட்டியை மறைத்துவிடும். வைட்டமின் டி கொடுத்த பிறகு ஹார்மோன் இறங்காமல் கால்சியம் மட்டும் 11-ஐத் தாண்டினால், ஒளிந்திருந்த ஆள் வெளியே வந்துவிட்டான் என்று பொருள். வைட்டமின் டி குறைந்தவர்களிடம் இந்தக் கட்டிகள் பெரிதாக வளர்கின்றன. எலும்பும் அதிகம் கெடுகிறது. இந்தியாவில் முதன்மை வகை நோய் இன்னும் எலும்பு முறிவோடும் சிறுநீரகக் கல்லோடும் வந்து நிற்பதற்கு இது ஒரு காரணம். அவர்களுக்குக் கட்டியை எடுத்த மறுநாளே கால்சியம் சரசரவென்று இறங்கும், பசித்த எலும்பு எல்லாவற்றையும் இழுத்துக்கொள்வதால். அறுவைக்கு முன்பே வைட்டமின் டி-யைக் கவனமாக நிரப்பி வைக்கும் மருத்துவர், அந்த இரவில் கொஞ்சமாவது தூங்குவார்.

ஆல்பர்ட் ஆறு வருஷம் போல நன்றாக இருந்தார். பிறகு எலும்பு வலி திரும்ப வந்தது, சிறுநீரில் கால்சியமும். 1933-இல் மாண்டல் மறுபடி கழுத்தைத் திறந்து தேடினார். கட்டி எதுவும் அகப்படவில்லை. 1936-இல் ஆல்பர்ட் இறந்தார். எர்தைம் அதற்கு அடுத்த ஆண்டு. யூதரான மாண்டல் 1938-இல் ஜெருசலேமுக்குப் போய்விட்டார். போர் முடிந்த பிறகு, 1947-இல், வியன்னாவுக்கே திரும்பி வந்து மீண்டும் கத்தியை எடுத்தார்.